உருளைக்கிழங்குக் குருமா (மதுரை)

மதுரை நகரிலும் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் வீடுகளில் செய்யப்படும் கெட்டியான குழம்பு வகை. தேங்காய், கசகசா, சோம்பு, முந்திரி ஆகியவற்றை நைசாக அரைத்து, வதக்கிய வெங்காயம் தக்காளியோடு வெந்த கிழங்கைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்குவார்கள். பூரி, சப்பாத்தி, இடியாப்பம், தோசை, பரோட்டா எதற்கும் தொட்டுக்கொள்ளலாம். பூரிக்கிழங்கு இதற்கு உறவுக்காரர்தான், ஆனால் அதில் தேங்காய் சேராது. மசித்த கிழங்கில் கடலை மாவைக் கரைத்து ஊற்றி, மஞ்சளும் பச்சை மிளகாயுமாக முடித்துவிடுவார்கள். பரோட்டாக் கடைச் சால்னாவும் வேறு. சால்னா பரோட்டாவை ஊறவைக்க வேண்டியது என்பதால் தண்ணீராகத்தான் இருக்கும். குருமா கிழங்கின் மேல் ஒட்டி நிற்க வேண்டும்.

கறிக்கு மாற்றாக

குருமா என்ற பெயரும் முறையும் முகலாயச் சமையலிலிருந்து தெற்கே வந்தவை. மதுரை வீடுகளில் அது எடுத்துக்கொண்ட உருவம் வேறு. இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு. பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா, தேங்காய் என்று அந்தக் குழம்புக்குப் போகும் பொருட்களேதான் உருளைக்கிழங்குக் குருமாவுக்கும் போகின்றன. புரட்டாசியில் கறி எடுக்காத வீடுகளிலும், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் கார்த்திகை, மார்கழியிலும் ஞாயிறு காலை அடுப்பிலிருந்து வரும் மணம் மாறுவதில்லை; சட்டியில் கறி இருந்த இடத்தில் கிழங்கு இருக்கும். கறி குறைவாக வாங்கிய நாளில் கிழங்கை வெட்டிப் போட்டுக் குழம்பைப் பெருக்குவதும் பழைய வழக்கம்தான். ஆகவே இந்தக் குருமாவைக் கிழங்குப் பதார்த்தம் என்பதைவிடக் கறி மசாலாப் பதார்த்தம் என்பதே பொருந்தும். தனக்கென்று அழுத்தமான ருசி இல்லாத கிழங்கு, மசாலா சொன்னபடி கேட்கிறது. மசாலா சரியில்லையென்றால் அதை மறைக்கக் கறிச்சாறும் கிடையாது, எலும்பும் கிடையாது.

சிராத்தம், திதி நாட்களில் மட்டும் பல வீடுகளில் இதற்கு இடமில்லை. கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றோடு உருளையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று ஒதுக்கப்படும். அதே சமையலில் மிளகாயை விலக்கி மிளகைப் போடுவதும் இதே கணக்கில்தான்: புதிதாக வந்தவற்றுக்கு முன்னோர் இலையில் இடம் இல்லை.

கிழங்கு வந்த வழி

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் தோன்றிய உருளை, ஸ்பானியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், பிறகு இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது வேர்விட்டது மலைகளில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரியில் பயிரிட வைத்தார். மதுரைக்கு நெருக்கமான மலை கொடைக்கானல். 1834இல் மதுரையில் தொடங்கப்பட்ட அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட வெரே ஹென்றி லெவிஞ்ச், ஏரியை அமைத்ததோடு ஐரோப்பியக் காய்கனிகள் அங்கே வளரவும் காரணமாக இருந்தார். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்து ஊர். மன்னவனூர், பூம்பாறை, பூண்டி போன்ற மேல்மலைக் கிராமங்களில் இன்றும் பூண்டு, கேரட், பீன்ஸோடு உருளையும் விளைகிறது.

மதுரைச் சமவெளியில் ஏன் விளையவில்லை என்பதற்குக் காரணம் இரவு வெப்பம். இரவில் 20 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால்தான் கிழங்கு நன்றாகத் திரளும். வெப்பம் ஏற ஏற செடி தழைக்குமே தவிர மண்ணுக்கடியில் ஒன்றும் பெரிதாக இருக்காது. மார்கழியில்கூட மதுரை இரவு அந்த அளவை ஒட்டியே நிற்கும். அதனால் மாட்டுத்தாவணிச் சந்தைக்கும் பரவைச் சந்தைக்கும் வரும் கிழங்கு முழுவதும் வெளியூர்ச் சரக்கு. மலைக்கிழங்கு ஒருபுறம், கர்நாடகத்துக் கோலாரிலிருந்தும் வடக்கே ஆக்ராவிலிருந்தும் வரும் சமவெளிக் கிழங்கு மறுபுறம். மலைக்கிழங்குக்கு விலை கூடுதல்.

தேர்வு

குருமாவுக்குக் கரையாத கிழங்கு வேண்டும். புதுக் கிழங்கில் மாவுச்சத்து குறைவு, நீர் அதிகம், தோல் நகத்தால் கீறினால் உரியும். வெந்த பின்னும் துண்டு துண்டாக நிற்கும். பழைய கிழங்கு மாவாக உதிரும், அது பூரிக்கிழங்குக்குத்தான் சரி. மலைக்கிழங்கில் செம்மண் ஒட்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், சமவெளிக் கிழங்கில் மண்ணைப் பூசி விற்பதும் நடக்கிறது. மண்ணைப் பார்த்து வாங்குவதைவிடத் தோலைக் கீறிப் பார்ப்பது நல்லது. பச்சை படர்ந்த கிழங்கை ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பச்சையோடு சேர்ந்து கூடும் சோலனைன் என்ற நச்சுப்பொருள் வேகவைப்பதால் போகாது.

அரைப்பு

குருமாவின் செழுமை முழுவதும் இங்கே இருக்கிறது. அரைக் கிலோ கிழங்குக்கு, அதாவது நான்கு பேருக்கு, முற்றிய தேங்காய் அரை மூடி, கசகசா இரண்டு தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, முந்திரி எட்டுப் பத்து, பச்சை மிளகாய் ஐந்தாறு. இளந்தேங்காயில் பால் தண்ணீராக வரும், எண்ணெய்ச் சத்து போதாது. சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும் நெற்றுத் தேங்காய் இதற்குக் கச்சிதம்.

கசகசாதான் தொல்லை தரும் பொருள். கடுகை விடச் சிறிய அந்த விதை அம்மியிலும் வழுக்கும், மிக்சியிலும் பக்கத்துக்கு ஒதுங்கி நிற்கும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தோ, வெறும் சட்டியில் லேசாக வறுத்துத் தனியாகப் பொடித்தோ பிறகுதான் தேங்காயைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் தேங்காய் அரைபடும், கசகசா முழுதாகக் கிடந்து குருமா நறநறக்கும். அரைத்த விழுதை இரு விரலுக்கிடையில் தேய்த்தால் திப்பி தட்டுப்படக் கூடாது.

முந்திரிக்குப் பதிலாகவோ அதனோடு சேர்த்தோ பொரிகடலை ஒரு மேசைக்கரண்டி போடுவது மதுரை வீடுகளில் சாதாரணம். செலவைக் குறைப்பதற்காகத்தான் அது என்று சொல்வது முழு நியாயமில்லை. கடலையின் மாவுச்சத்து தேங்காயின் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அளவு மீறினால் குருமாவில் சட்னி வாசம் அடிக்கும். ஓட்டல் குருமாக்கள் பலவற்றின் குறை இதுதான்.

அம்மியில் இதையெல்லாம் அரைக்க நேரமும் தோள்பலமும் வேண்டும். 2011இல் தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கிய அரைப்பு வேலையைச் சாதாரண நாளிலும் செய்வது பல வீடுகளுக்கு எளிதாயிற்று.

கூட்டுவதும் கொதியும்

கிழங்கை முதலில் தனியாக வேகவைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. தக்காளியின் புளிப்பு கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினை இளகவிடாது. வேகாத துண்டுகளைத் தக்காளியில் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும். முழுக் கிழங்கென்றால் குக்கரில் மூன்று விசில், வெட்டிய துண்டென்றால் ஒன்றே போதும். வேகவைக்கும் தண்ணீரிலேயே உப்புப் போட்டால்தான் உள்ளே உப்பு ஏறும்.

கடலை எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை, கொஞ்சம் கல்பாசி தாளித்து, வெங்காயத்தை நிறம் மாறும் முன் நிறுத்த வேண்டும். சிவக்க வதக்கினால் குருமா பழுப்பாகி இனிப்பும் ஏறும். பிறகு இஞ்சி பூண்டு விழுது, தக்காளி ஒன்று, மஞ்சள், மல்லித்தூள். வெள்ளைக் குருமா விரும்புகிறவர்கள் தூள்களையும் தக்காளியையும் விட்டுவிட்டு, இறக்கிய பின் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். கிழங்கைப் போட்டு, இரண்டு மூன்று துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிட்டு, விழுதை ஊற்றித் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

இனிமேல் தீ சிறியது. விழுது பச்சை வாசனை போகும்வரை, ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஓரத்தில் எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெரிய ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். பெருந்தீயில் தளதளவென்று கொதித்தால் தேங்காய்ப் புரதம் திரிந்து, எண்ணெய் மேலேயும் தெளிநீர் கீழேயுமாகப் பிரிந்துவிடும். அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. மல்லித்தழை தூவி, மூடி, கால் மணி நேரம் விட்ட பிறகு பரிமாறினால் கிழங்கு மசாலாவை வாங்கியிருக்கும். ஆற ஆறப் பொரிகடலையும் கசகசாவும் இறுகும் என்பதால், இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிவதே சரியான பதம்.

சில குறிப்புகள்

மதுரையின் சித்திரை வெயிலில் தேங்காய் அரைத்த குழம்பு நிற்காது. காலையில் வைத்ததை மதியமே முடித்துவிட வேண்டும். வெளியே வைத்திருந்தால் மாலைக்குள் ஊசிப்போகும்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் கசகசாவைப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். அபினி எடுக்கும் செடியின் விதை என்பதே காரணம். இந்தியாவில் விதைக்குத் தடையில்லை. அந்த ஊர்களில் இருக்கும் மதுரைக்காரர்கள் முந்திரியை இரட்டிப்பாக்கிச் சமாளிக்கிறார்கள். கெட்டித்தன்மை வந்துவிடும், குருமா சற்று இனிக்கும். பச்சை மிளகாயை ஒன்று கூட்டிக்கொண்டால் சரியாகும்.