'டேக்' என்ற சொல்லுக்கு ஐந்து பக்கம்

லண்டன் ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் காஃப் சதுக்கம் 17ஆம் எண் வீடு இன்றும் நிற்கிறது. அந்த வீட்டு மச்சில்தான் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியை உருவாக்கினார். புத்தக வியாபாரிகள் சேர்ந்து 1746இல் 1,575 பவுனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆறு உதவியாளர்களுக்கான கூலியையும் அதிலிருந்துதான் அவர் கொடுக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஜான்சன் நல்ல நூல்களாகப் படிப்பார். வேண்டிய சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, அதன் முதல் எழுத்தை ஓரத்தில் குறிப்பார். உதவியாளர்கள் அந்த வாக்கியத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எடுப்பார்கள்.

1755இல் அகராதி வெளிவந்தபோது அதில் ஏறத்தாழ 43,000 சொற்கள் இருந்தன. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட 'டேக்' என்ற ஒரே சொல்லுக்கு அவர் ஒதுக்கிய இடம்தான் பெரிது. 134 பொருள்கள், ஐந்து பக்கம். 'புட்' மூன்று பக்கம் போகிறது. குழந்தைகூடச் சொல்லும் இந்தச் சொற்களுக்கு இத்தனை இடம் எதற்கு? அவை தனியாக வருவதில்லை என்பதுதான் காரணம். 'புட்' என்றால் வை. பின்னால் 'ஆஃப்' வந்தால் தள்ளிப்போடு, 'அவுட்' வந்தால் விளக்கை அணை, 'அப் வித்' வந்தால் பொறுத்துக்கொள். நம் 'விட்டுக்கொடு' விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் இது பிடிபடும்.

கனமான லத்தீன் சொற்களை விரும்பி எழுதியவர் ஜான்சன். அப்படிப்பட்டவர் இந்தச் சின்னச் சொற்களுக்கு முன்னுரையில் தனியாக இடம் கொடுத்திருக்கிறார். பிற நாட்டார் ஆங்கிலம் கற்கும்போது மிகவும் தடுமாறும் இடம் இதுதான் என்கிறார். ஆகவே இவற்றை மிகுந்த கவனத்தோடு சேர்த்ததாகவும், பட்டியல் முழுமையானதில்லை என்றாலும் விட்டுப்போனவற்றை இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம் என்றும் சொல்கிறார். பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். வெளியிலிருந்து வந்து அந்த மொழியைப் படிப்பவர்களை அன்றைக்கே ஒருவர் மனதில் வைத்து உழைத்திருக்கிறார் என்பதற்காகவே அவர்மேல் எனக்குத் தீராத மரியாதை.

வினையோடு 'ஆஃப்', 'அவுட்' போன்ற ஒட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் ஜான்சனுக்கு மிகவும் முந்தியது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய ஒட்டுகள் பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் வரும், இன்றைய ஜெர்மன் மொழியில் பல வினைகளுக்கு வருவதுபோல. ஒன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஸ்காண்டிநேவியர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழுது வாழ்ந்தார்கள். அவர்கள் மொழியில் வினைக்குப் பின்னால் ஒட்டு வைத்துப் பேசும் வழக்கம் வலுவாக இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிப் பேசி இரண்டு மொழிகளும் கலந்தன. 'டேக்' என்ற சொல்லே அவர்கள் கொண்டுவந்ததுதான். அதற்கு முன் 'எடு' என்பதற்கு இங்கிலாந்தில் 'நிமன்' என்று வேறு சொல் இருந்தது.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவந்த ஆண்டுக்குறிப்பு 1154ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுபோகிறது. அதில் 1137ஆம் ஆண்டின் கீழ் ஸ்டீஃபன் மன்னர் கதை வருகிறது. சாலிஸ்பரி ஆயர் ரோஜரையும் அவர் உறவினர்களையும் மன்னர் பிடித்தார், கோட்டைகளை ஒப்படைக்கும்வரை சிறையில் வைத்தார் என்று துறவி எழுதுகிறார். 'பிடித்தார்' என்ற இடத்தில் பழைய 'நிமன்' இருக்கிறது. 'ஒப்படைக்கும்' என்ற இடத்திலோ இன்றைய 'கிவ் அப்' அப்படியே, ஒட்டு பின்னால் நிற்க, வந்துவிட்டது. பழசும் புதுசும் ஒரே வாக்கியத்தில்! வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

நார்மன் ஆட்சியின் விளைவாகப் பிற்காலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. 'கிவ் அப்' இருக்கும்போதே 'சரண்டர்' வந்தது. சட்டமும் சபையும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டன, சமையல்கட்டும் களத்துமேடும் இன்னொன்றை வைத்துக்கொண்டன. பின்னாளில் நம் ஊர் ஆங்கில வாத்தியார்களில் பலர் 'புட் ஆஃப்' என்று எழுதிய பிள்ளையிடம் 'போஸ்ட்போன்' என்று எழுதச் சொன்னார்கள். அது அநியாயம் என்றே நினைக்கிறேன். இரண்டும் சரிதான், முன்னது மூத்தது.

இந்த வினைகளுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர் பரவியது 1925இல்தான். லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தி, அதைத் தமக்குச் சொன்னவர் ஹென்றி பிராட்லி என்று நன்றியோடு குறிப்பிட்டார். ஷெஃபீல்டில் கத்தி, கத்தரி செய்யும் கம்பெனியில் சுமார் இருபது ஆண்டுகள் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர் பிராட்லி. மொழிகளை எல்லாம் தாமாகவே படித்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பகுதிக்கு 1884இல் அவர் எழுதிய மதிப்புரையைப் பார்த்து, அந்த வேலைக்கே அழைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அதன் ஆசிரியர்களில் ஒருவரானார்.

1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஓர் எளிய ஆங்கிலத்தை உருவாக்கினார். அதில் வினைகள் பதினெட்டே. மிச்ச வேலையை எல்லாம் 'புட்', 'கெட்', 'டேக்' ஆகியவற்றோடு ஒட்டுகளைச் சேர்த்து முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வங்காளப் பிள்ளைகளின் தவிப்பை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட், இந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். நான் வெஸ்ட் பக்கம். 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். மூன்றும் சேர்ந்தால் 'சகித்துக்கொள்' என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? சொல் எண்ணிக்கை குறைந்ததே தவிர, படிக்க வேண்டியது குறையவில்லை.

என் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி வேறு. 'புட் அவுட் த லேம்ப்', 'புட் த லேம்ப் அவுட்' இரண்டும் சரி; 'புட் இட் அவுட்' சரி; 'புட் அவுட் இட்' மட்டும் ஏன் தப்பு? 'லுக் ஆஃப்டர் இட்' சரியென்றால் 'லுக் இட் ஆஃப்டர்' ஏன் கூடாது? 'அவுட்' இங்கே இடம் மாறக்கூடிய ஒட்டு. 'இட்' போன்ற சிறு பெயர் வந்தால் அதை நடுவில் விட்டுத் தான் கடைசிக்குப் போய்விடும். 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல், தன் பெயரை விட்டு நகராது. கௌயி, மக்கின் என்ற அகராதிக்காரர்கள் இருவர் 1975இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகக் கொண்டுவந்த அகராதியின் முதல் தொகுதி முழுக்க இந்த வினைகளுக்கே. ஒவ்வொன்றும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று பதிவுக்குப் பதிவு அதில் குறித்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளின் அந்தக் கேள்விக்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தது.