கல்லீரல் அழற்சி பி வைரஸின் உள்ளுறைப் புரதமும் சென்னைக் கீழாநெல்லி ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1988ஆம் ஆண்டு வெளிவந்த சென்னைக் கீழாநெல்லி ஆய்வு, கல்லீரல் அழற்சி பி வைரஸின் வெளியுறைப் புரதம் குருதியிலிருந்து மறைவதை அளவுகோலாகக் கொண்டது. ஆனால் அவ்வைரஸின் பெருக்கம் உள்ளுறைப் புரதத்தால் ஆன கூட்டுக்குள் நிகழ்கிறது. இவ்விரு புரதங்களும் அறியப்பட்ட வரலாற்றின் பின்னணியில் அவ்வாய்வின் இடத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல் அழற்சி பி, உள்ளுறைப் புரதம், வெளியுறை ஆன்டிஜென், கீழாநெல்லி, அறிவியல் வரலாறு.

முன்னுரை

கொங்கு நாட்டின் தோட்டங்களிலும் வரப்புகளிலும் மழைக்குப் பின் தானே முளைக்கும் கீழாநெல்லி, தமிழகமெங்கும் மஞ்சள் காமாலைக்கு மருந்தாக அறியப்பட்டது. அரைத்து மோரில் கலந்து உண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. எனினும் காமாலை என்பது ஓர் அறிகுறியே. அதனை உண்டாக்கும் காரணங்கள் பல. கல்லீரல் அழற்சி ஏ, இ வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். பி வைரஸ் தொற்றும் வளர்ந்தோரில் பெரும்பான்மையோருக்கு இயல்பாகவே நீங்கிவிடுகிறது. ஆகவே, காமாலை தணிந்ததை மட்டும் கொண்டு ஒரு மூலிகையின் ஆற்றலை நிறுவ இயலாது. வைரஸைப் பல ஆண்டுகள் உடலில் தாங்கியிருக்கும் நாட்பட்ட தொற்றாளரிடமே அதனைச் சோதிக்க வேண்டும். சென்னை ஆய்வு அவ்வாறு செய்தது என்பதே அதன் முதற்சிறப்பு.

வெளியுறையும் உள்ளுறையும் அறியப்பட்டமை

1965இல் பரூக் பிளம்பர்க்கும் அவர்தம் குழுவினரும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் புதிய ஆன்டிஜென் ஒன்றைக் கண்டு வெளியிட்டனர். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' எனப் பெயர்பெற்ற அது பி வைரஸின் வெளியுறைப் புரதம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இப்பணிக்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1970இல் இலண்டனில் டேன் குழுவினர் ஏறத்தாழ 42 நானோமீட்டர் விட்டமுடைய முழு வைரஸ் துகளை மின்னணு நுண்ணோக்கியில் கண்டனர். 1971இல் ஜூன் அல்மெய்டாவும் உடன் ஆய்வாளர்களும் அத்துகளின் வெளியுறையை நீக்கி, உள்ளிருக்கும் கூட்டிற்கெனத் தனி எதிர்ப்பொருள் உண்டு எனக் காட்டினர்.

வெளியுறை முதலில் அறியப்பட்டமைக்குக் காரணம் உண்டு. தொற்றாளரின் குருதியில் மரபுப்பொருள் ஏதுமற்ற, வெளியுறைப் புரதத்தால் மட்டும் ஆன 22 நானோமீட்டர் வெற்றுத் துகள்கள் முழு வைரஸைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கும் மேலாக மிதக்கின்றன. எளிதில் கிடைத்த அவையே நோயறிதலுக்கும் முதல் தடுப்பூசிக்கும் அடிப்படையாயின. உள்ளுறையோ முழுத் துகளுக்குள் மறைந்திருந்தது.

உள்ளுறைப் புரதத்தின் அமைப்பும் பணியும்

உள்ளுறைப் புரதம் வைரஸின் மரபணு வகைக்கேற்பப் பெரும்பாலும் 183 அல்லது 185 அமினோ அமிலங்களைக் கொண்டது. முதல் 149 அமினோ அமிலங்கள் கூட்டைக் கட்டமைக்கின்றன. அர்ஜினைன் மிகுந்த இறுதிப் பகுதி மரபுப்பொருளைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு மூலக்கூறுகள் இணைந்து ஓர் இணையாகின்றன. அத்தகைய 90 அல்லது 120 இணைகள் தாமே ஒன்றுகூடி இருபது முகச் சமச்சீருடைய கூடாகின்றன. 1997இல் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவிலும் இயங்கிய இரு குழுக்கள் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கி வழியே இக்கூட்டின் வடிவை வெளிப்படுத்தின. ஒவ்வோர் இணையும் நான்கு சுருள்களாலான ஒரு முள்ளாக வெளியே நீட்டி நிற்பது அப்போது புலனாயிற்று. 1999இல் வைன், கிரௌதர், லெஸ்லி ஆகியோர் படிக ஆய்வால் இதனை மேலும் நுட்பமாக உறுதிசெய்தனர்.

இக்கூடு மரபுப்பொருளைக் காக்கும் பெட்டி மட்டும் அன்று. வைரஸின் ஆர்.என்.ஏ. படி, பாலிமரேஸ் நொதியுடன் இதற்குள் அடைக்கப்பட்டு டி.என்.ஏ.வாகத் திரும்ப எழுதப்படுகிறது. இத்தலைகீழ்ப் படியெடுப்பை 1982இல் சம்மர்ஸும் மேசனும் வாத்து வைரஸைக் கொண்டு நிறுவினர். பணி முடிந்த கூடு வெளியுறை பெற்றுச் செல்லை விட்டு நீங்கலாம். அல்லது செல்லின் உட்கருவுக்கே மரபுப்பொருளைத் திருப்பி அனுப்பலாம். அங்கு அது மூடிய வட்ட டி.என்.ஏ.வாக நிலைத்துவிடுகிறது. தொற்று நாட்பட நீடிப்பதன் வேர் இதுவே.

நோயறிதலிலும் உள்ளுறைக்குத் தனியிடம் உண்டு. தடுப்பூசி பெற்றவரிடம் வெளியுறைக்கான எதிர்ப்பொருள் மட்டுமே தோன்றும். உள்ளுறைக்கான எதிர்ப்பொருள் இருப்பின் அவ்வுடல் உண்மையான தொற்றைச் சந்தித்தது எனலாம்.

சென்னை ஆய்வும் அதன் பின்னரும்

சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1982இல், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறுகள் ஆய்வுக்கூடத்தில் வெளியுறை ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக வெளியிட்டனர். 1987இல் பிலடெல்பியாவில் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் ஆகியோர் பி வைரஸிலும் அதன் இனமான உட்சக் வைரஸிலும் இச்செடியின் விளைவை ஆராய்ந்தனர். இருதரப்பும் இணைந்த மருத்துவச் சோதனை 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது. 30 நாள் மருந்து உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் (59 விழுக்காடு) வெளியுறை ஆன்டிஜென் மறைந்திருந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. இது மருந்து நிறுத்திய 15 முதல் 20 நாட்களில் எடுத்த கணக்கு. சிலர் 9 மாதம் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். முன்னோட்ட ஆய்வு என்றே ஆசிரியர்கள் அதனைக் குறித்தனர்.

அம்முடிவு பிற இடங்களில் திரும்பக் கிட்டவில்லை. 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகள் பயனில்லை என்றே அறிவித்தன. 2011இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் போதிய சான்றில்லை என முடித்தது. கீழாநெல்லி என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடியினங்களைச் சுட்டுவதும் ஒப்பீட்டைக் கடினமாக்கியது. 1987இல் 'நிரூரி' என்றும் 1988இல் 'அமரஸ்' என்றும் இனப்பெயர் குறிக்கப்பட்டமை இதற்குச் சான்று.

வெளியுறை ஆன்டிஜெனை அளந்தது பிழையன்று. இன்றைய மருத்துவமும் அதன் மறைவையே நோய்நீக்க அடையாளமாகக் கொள்கிறது. ஆனால் மருந்து நிறுத்திய பின் 6 மாதமேனும் அம்மறைவு நீடிக்க வேண்டும். குருதியில் வைரஸ் டி.என்.ஏ.வும் தென்படக்கூடாது. 1997இல் தியாகராஜன் பங்கேற்ற ஆய்வொன்று, இச்செடி வைரஸ் மரபணுவின் படியெடுப்பைத் தடுப்பதாகச் செல்களில் காட்டியது. படியெடுப்புக் குறைந்தால் குருதியில் சேரும் வெளியுறைப் புரதமும் குறையலாம்; உட்கருவில் நிலைத்த வட்ட டி.என்.ஏ. அதனால் அழியும் என்பதில்லை. அளவிட எளிதான புரதத்திற்கும் நோயின் வேருக்கும் இடையிலுள்ள தொலைவு இதுவாகும்.

முடிவுரை

நாட்டு மருந்தை நாட்பட்ட தொற்றாளரிடம், ஒப்பீட்டுக் குழுவுடன் சோதித்த துணிவு சென்னை ஆய்வின் நிலைத்த பெருமை. அம்முடிவை இறுதித் தீர்ப்பாக மேற்கோள் காட்டுவது அவ்வாய்வுக்கே பொருந்தாதது. 2003 முதல் உள்ளுறைக் கூடு கட்டமைவதையே குலைக்கும் மூலக்கூறுகள் ஆராயப்பட்டு வருகின்றன. இந்தியாவெங்கும் பி தடுப்பூசி 2011இல் குழந்தைகளுக்கான பொதுத்திட்டத்தில் சேர்ந்தது. ஆயினும் முன்பே தொற்றுக்குள்ளானோர் பலருக்குக் கண் மஞ்சளிப்பதில்லை. தொற்று அமைதியாகத் தொடர்கிறது. அவர்களுக்குக் காமாலை தணிதல் என்னும் மரபு அளவுகோல் எதையும் சொல்லாது. குருதிப் பரிசோதனையும் தொடர் கண்காணிப்புமே வழிகாட்டும்.