தொழிலிட விபத்துகள், காரைக்கால்

காரைக்கால் மாவட்டத்தில் பணியின்போது தொழிலாளருக்கு நேரும் காயம், ஊனம், உயிரிழப்பு ஆகியவற்றைக் குறிக்கும் தலைப்பு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இக்காவிரிப்படுகைக் கடலோர மாவட்டத்தில் அபாயம் தொழிலுக்குத் தொழில் மாறுபடும். 2009இல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தில் பாரந்தூக்கி, நிலக்கரித் தூசி, காஸ்டிக் சோடா ஆலையில் குளோரின், ஓ.என்.ஜி.சி. கிணறுகளில் உயரழுத்த வாயு ஆகியவை முதன்மைக் காரணிகள். விசைப்படகின் நிலை இவற்றினும் கடுமையானது: ஈரத் தளத்தில் கால் வழுக்கி, வின்ச் சுருட்டும் கம்பிவடத்தில் கை சிக்கினால், கரை சேர்ந்த பிறகே மருத்துவம். வயல்களில் பூச்சிமருந்தும் பாம்புக்கடியும் சேரும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாதபடி நேரும் காயத்தை ஆலைகள் அறிவிக்க வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. மீன்பிடிப் படகும் வயலும் அதன் வரம்பில் இல்லை. ஆகவே பழைய பதிவேடுகள் ஆலை விபத்துகளையே பெரிதும் காட்டுகின்றன.