கம்பவுண்டர் தாத்தாவின் சான்றிதழ்

போன மாசம் அம்மா வீட்டுப் பரணை ஒழிக்கும்போது தகரப் பெட்டி ஒண்ணு கிடைத்தது. உள்ளே தாத்தாவின் பார்மசிஸ்ட் பதிவுச் சான்றிதழ். 1950-களில் கொடுத்தது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் தெளிவாக இருந்தன. தகுதி என்ற இடத்தில் மட்டும் ஒரே ஒரு வார்த்தை: அனுபவம்.

தாத்தா எட்டாவதுகூட முடிக்கவில்லை. பதினாலு வயசில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவப் போனவர். அவர் எப்படி பார்மசிஸ்ட் ஆனார் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. தேடியதில் அவர் கதையைவிட மாமாவின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கம்பவுண்டர் என்றால் யார் என்று சொல்ல வேண்டும். நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தை பழைய சினிமாவில் கேட்டதாகத்தான் இருக்கும். டாக்டர் சீட்டு எழுதுவார். அதைப் பார்த்து மருந்தைக் கலந்து கொடுப்பவர் கம்பவுண்டர். அப்போது எல்லாம் அட்டையில் வரும் மாத்திரை கிடையாது. மிக்ஸ்சர், களிம்பு, பொட்டலம் கட்டிய பவுடர், தொண்டைக்குத் தடவும் பெயின்ட் எல்லாமே அங்கேயே தயாராக வேண்டும். 60 மினிம் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். இந்தக் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். சீட்டில் இருக்கும் லத்தீன் சுருக்கெழுத்து புரிய வேண்டும். எதை முதலில் ஊற்றுவது, எதைக் கடைசியில் ஊற்றுவது, எதோடு எது சேர்ந்தால் அடியில் கட்டியாகிவிடும் என்பது கைக்குத் தெரிய வேண்டும்.

நோயாளி வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுவருவார். மிக்ஸ்சரை ஊற்றி, வெளியே ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். பட்டையின் ஓரத்தில் படி படியாக வெட்டு இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு வெட்டு. எழுத்து தெரியாதவருக்கும் புரிகிற அளவுகோல் அது! தாத்தா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஒரே வெட்டில் வெட்டுவார் என்று அம்மா இன்னமும் பெருமையாகச் சொல்வார்.

இத்தனையையும் அவர் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. முறையான படிப்பே இல்லாமலும் இல்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1860-களிலேயே பார்மசி வகுப்பு நடந்திருக்கிறது. ஆனால் அங்கே போய்ப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். ஊர் டிஸ்பென்சரிகளை ஓட்டியவர்கள் தாத்தா மாதிரி ஆட்கள்தான். பாட்டில் கழுவுவது, தராசு துடைப்பது, உரலில் அரைப்பது, களிம்பு தேய்ப்பது, கடைசியில் சீட்டைப் பார்த்துத் தானே கலப்பது. இதுதான் சிலபஸ். தச்சுப் பட்டறையில் எப்படிக் கற்றுக்கொள்வார்களோ அப்படி.

இதில் ஆபத்தும் இருந்தது. நல்ல குருவிடம் மாட்டினால் நல்லது, இல்லாவிட்டால் நோயாளி பாடு. மருந்திலும் கலப்படம், போலி. இதையெல்லாம் விசாரிக்க 1930-ல் அரசு ஒரு குழு போட்டது. தலைவர் கல்கத்தா டிராபிகல் மெடிசின் பள்ளியின் கர்னல் ராம்நாத் சோப்ரா. 1931-ல் அறிக்கை வந்தது. மருந்துக்குச் சட்டம் வேண்டும், மருந்து கொடுப்பவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருஷமே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் பாடத்தை ஆரம்பித்தார். 1937-ல் அங்கே பி.பார்ம் வந்தது. மருந்துக்கான சட்டம் 1940-ல் வந்தது. மருந்து கொடுக்கும் மனிதருக்கான சட்டம் வர சுதந்திரம் கிடைக்க வேண்டியிருந்தது: 1948 மார்ச் 4, பார்மசி சட்டம்.

இந்தச் சட்டத்தின் 31-வது பிரிவைத்தான் நான் நாலு முறை படித்தேன். முதல் பதிவேட்டில் யார் பெயரைச் சேர்க்கலாம்? பட்டமோ டிப்ளமோ வைத்திருப்பவர், சரி. வேறு பாடத்தில் பட்டம் வாங்கி மூணு வருஷம் மருந்து கலந்தவர், சரி. அரசு ஏற்ற கம்பவுண்டர் தேர்வு எழுதியவர், சரி. கடைசியாக ஒரு உட்பிரிவு: டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் மொத்தம் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் மருந்து கலந்தவர். அவ்வளவுதான். பள்ளிச் சான்றிதழ்கூடக் கேட்கவில்லை.

தாத்தா அந்த வாசல் வழியாக உள்ளே போனவர்.

இதைச் சலுகை என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்குக் கம்பவுண்டர்களை வெளியே தள்ளியிருந்தால் நாட்டில் பாதி டிஸ்பென்சரி மறுநாளே மூடியிருக்கும். சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரியும். அதனால் ஒரு தலைமுறையை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு, பின்னால் கதவைச் சாத்தினார்கள். 1953-ல் கல்வி விதிமுறைகள் வந்தன. ஒவ்வொரு மாநிலமாக அவை நடைமுறைக்கு வர வர, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் படித்துத் தேறியவர் மட்டுமே பதிவு செய்யலாம் என்றானது. டி.பார்ம் குறைந்தபட்சத் தகுதி ஆனது.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். டிப்ளமோவை அடிப்படைத் தகுதி ஆக்கினார்கள், நல்லது. ஆனால் அதற்குக் கீழே இருந்த படியை மேலே உயர்த்தவில்லை. அந்தப் படி இல்லை என்று எழுதிவிட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ‘கடைப் பையன்’ மறைந்துவிட்டானா? அவன் அங்கேயேதான் நின்றான், சட்டத்தில் பெயர் இல்லாமல். மருந்து விதிகளின் 65-வது விதி, சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் கொடுக்க வேண்டும் என்கிறது. ‘மேற்பார்வை’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் லட்சக்கணக்கான பேரின் பிழைப்பு ஓடியது.

மாமா அதில் ஒருவர். தாத்தாவின் தம்பி மகன், அம்மாவுக்குத் தம்பி முறை. 1958-ல் டிஸ்பென்சரியில் சேர்ந்தார். டாக்டர் காலமான பிறகு தாத்தா ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மாறியபோது மாமாவும் கூடவே போனார். தாத்தாவின் சான்றிதழ் சுவரில் தொங்கியது. சீட்டைப் படித்து மருந்தை எடுத்துக் கொடுத்தது பெரும்பாலும் மாமாதான்.

இப்போது அதே 65-வது விதியின் அடியில் இருக்கும் ஒரு விளக்கத்தைப் பாருங்கள். நாலு வருஷம் மருந்து கொடுத்த அனுபவம் இருந்து, அது போதுமானது என்று லைசென்ஸ் அதிகாரி 1969 டிசம்பர் 31-க்குள் ‘தகுதி பெற்ற நபர்’ என்று ஏற்றுக்கொண்டிருந்தால், இந்த விதியைப் பொறுத்தவரை அவரும் பார்மசிஸ்ட். மாமாவுக்கு அப்போது பதினோரு வருஷ அனுபவம்.

1976-ல் பார்மசி சட்டத்தைத் திருத்தினார்கள். விட்டுப்போனவர்களுக்கு இன்னொரு முறை கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். யாருக்கெல்லாம்? பர்மா, இலங்கை, உகாண்டாவிலிருந்து கலவரத்தால் திரும்பி வந்து, 1948-க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு. (ரங்கூனிலிருந்து வந்து இங்கே மருந்துக் கடை வைத்த குடும்பங்கள் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.) கூடவே, 1969 முடிவதற்குள் ‘தகுதி பெற்ற நபர்’ ஆனவர்களுக்கும். அதாவது அந்த ஒரு காகிதம் மாமாவிடம் இருந்திருந்தால், 1976-ல் அவர் முழு பார்மசிஸ்ட்.

அதே திருத்தத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. பதிவு இல்லாதவர் சீட்டு மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது என்கிற 42-வது பிரிவை எப்போது அமல்படுத்துவது என்று மாநிலங்கள் இழுத்துக்கொண்டே இருந்தன. எட்டு வருஷம் கெடு வைத்தார்கள். 1984 செப்டம்பர் 1 முதல் நாடு முழுக்க அமல். மீறினால் அப்போது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது.

தாத்தா 1983-ல் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடையில் அவர் சான்றிதழ் இருந்த ஆணியில் வேறு ஒருவருடைய சான்றிதழ் ஏறியது. அந்த ஆளை மாமா மொத்தம் மூணு முறை பார்த்திருக்கிறாராம். சான்றிதழுக்கு மாச வாடகை போனது. வேலையை 1996 வரை மாமாவே செய்தார். அந்தப் பதிமூணு வருஷமும் அவர் சட்டப்படி குற்றவாளி. ஊருக்கு ‘மெடிக்கல் மாமா’. ராத்திரி பதினோரு மணிக்கும் கதவைத் தட்டுவார்கள்.

வேறு வழி இருந்திருக்குமா என்று பார்த்தேன். பிரிட்டனில் பார்மசிஸ்ட்டுக்குக் கீழே ‘பார்மசி டெக்னீஷியன்’ என்று தனிப் பதவி உண்டு. 2011 ஜூலை 1 முதல் அவர்களுக்கும் பதிவு கட்டாயம். அதற்கு முன், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை இடைக்கால ஏற்பாட்டில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நம் 31-வது பிரிவு மாதிரியேதான். ஆனால் அவர்கள் அந்தப் படியை வைத்துக்கொண்டு அதற்கென்று பாடமும் பயிற்சியும் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் 1995-லிருந்து டெக்னீஷியனுக்குத் தேசிய அளவில் தேர்வு நடக்கிறது.

நம்மிடம் மேலே ஏற ஏணி இல்லாமல் இல்லை. டி.பார்ம் படித்தவர் நேராக பி.பார்ம் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். 2014-ல் வந்த விதிப்படி, நாலு வருஷம் வேலை பார்த்த பதிவு பார்மசிஸ்ட் இரண்டு வருஷம் படித்து ‘பி.பார்ம் பிராக்டிஸ்’ பட்டம் வாங்கலாம். எல்லாம் சரிதான், ஆனால் ஏணியின் முதல் படியே டிப்ளமோவில்தான் ஆரம்பிக்கிறது. 1991 விதிமுறை டி.பார்ம் மாணவருக்கு 500 மணி நேரப் பயிற்சி கேட்டது. அதில் 250 மணி நேரம் சீட்டுக்கு மருந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். மாமா அதை ஒன்றரை மாதத்தில் முடித்திருப்பார். அப்படி முப்பத்தெட்டு வருஷம் செய்தார்.

அதற்காகப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாமாவே அதை ஒத்துக்கொள்ள மாட்டார். “எந்த மருந்துன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஏன்னு தெரியாது. அத யாராவது உட்கார வச்சு சொல்லிக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். 1969 விஷயத்தைச் சொல்லி, அப்போது யாரும் உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மருந்து ஆபீஸ்லேருந்து ஏதோ ஃபாரம் வந்துச்சு. பெரியப்பாகிட்ட கேட்டேன். ‘உனக்கெதுக்குடா அது, நான்தான் இருக்கேனே’ன்னாரு. கோவத்துல இல்ல. நான் வேற கடைக்குப் போயிடுவேன்னு பயந்திருப்பாருன்னு இப்பத் தோணுது.”

கையில் தாத்தாவின் சான்றிதழைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்த டிசம்பர் 31 என்ன கிழமை?” என்றார்.

போனில் பார்த்தேன். புதன்கிழமை.

“அப்ப கடை தொறந்துதான் இருந்திருக்கும்” என்றார்.