இசைவுத் தீர்ப்பு

‘இசைதல்’ என்றால் உடன்படுதல். தகராறு வந்தால் இன்ன முறையில் நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்வோம் என்று இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால்தான் இசைவுத் தீர்ப்பு என்ற இந்த வழக்குமுறைக்கே உயிர் வரும். இந்தியாவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பேச்சுவழக்கில் இதையும் ‘மத்தியஸ்தம்’ என்றே சொல்லிவிடுகிறோம். அது வடமொழி: மத்திய, ஸ்த, நடுவில் நிற்பது. ஆனால் மத்தியஸ்தர் பேசிச் சேர்த்துவைப்பவர். அவர் சொல்வதை ஏற்காமல் எழுந்து போகலாம். இசைவுத் தீர்ப்பாளர் சொன்னது நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேறும். ஒப்பந்தத்தில் இந்த இரண்டு சொற்களும் இடம் மாறினால் வினைதான்.

தீர்ப்பாளர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கான்கிரீட் தூணில் விரிசல் யாரால் வந்தது என்ற வழக்கில் கட்டடப் பொறியாளரையும், பங்குக் கணக்கில் சிக்கல் என்றால் பட்டயக் கணக்காளரையும் அமர்த்தலாம். ஆனால் துறை தெரிந்தவருக்கு விசாரணை நடத்தும் முறையும் தெரிய வேண்டுமே. பொறியாளர், கணக்காளர் அமைப்புகள் நடுவர் நிறுவனங்களோடு கைகோத்துப் பயிற்சி நடத்துவதும், பெயர்ப்பட்டியல் தயாரிப்பதும் இதற்காகத்தான். லண்டனில் 1915-இல் தொடங்கிய பட்டய நடுவர் கழகத்தில் இன்றும் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் உறுப்பினர்கள்.