வெந்த இரும்பும் வேலை செய்யும்

மோட்டார் கொட்டகை எரிஞ்சா, "எல்லாம் போச்சு, காயலான் கடைக்குப் போடு"ன்னு சொல்றவங்கதான் அதிகம். அவங்களுக்கு நான் லிவோனியா கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஊர் அது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தொழிற்சாலை அங்கே இருந்தது. 1953 ஆகஸ்ட் 12 அன்று கேஸ் கட்டிங் வேலையில் பறந்த பொறியால் தீப்பிடித்தது. கூரையில் பூசிய தார் உருகி உள்ளே ஒழுக, தீ கட்டிடம் முழுக்கப் பரவி, கூரையே இடிந்தது. உயிர்களும் போயின. கியர்பாக்ஸ் வராமல் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல், போன்டியாக் கார் வேலை தடுமாறியது.

கம்பெனிக்காரர்கள் இடிபாட்டிலிருந்து இயந்திரங்களைத் தோண்டி எடுத்துப் பழுது பார்த்தார்கள். போர்க்காலத்தில் ஃபோர்டு குண்டுவீச்சு விமானம் கட்டிய வில்லோ ரன் கட்டிடத்தைப் பிடித்து, அங்கே மாட்டினார்கள். மூன்று மாதத்துக்குள் உற்பத்தி திரும்பியது.

காரணம் எளிது. வார்ப்பிரும்பு உருக 1100 டிகிரிக்கு மேல் வேணும். அதனால வயர், பெல்ட், பேரிங் போனாலும் உடம்பு பெரும்பாலும் நிற்கும். ஆனா அணைக்க ஊத்தின தண்ணி துருவா மாறி அதைத் தின்னும். கடினப்படுத்தின எஃகும் சூட்டில் பதம் இழந்துவிடும். அதை மாத்தித்தான் ஆகணும்.

ஆகவே எரிஞ்ச மோட்டாரை எடைக்குப் போடாதீங்க. முதல்ல கரண்டை நிறுத்துங்க, ஈரத்தைத் துடைச்சு எண்ணெய் பூசுங்க. காயில் அப்புறம் கட்டிக்கலாம்.