ரிட்டயர் ஆகாத பாட்டி

பரமத்தி வேலூர்னு சொன்னா "சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கே, அந்த ஊரா?"ன்னு கேக்குறாங்க. அது வேற வேலூருங்க. ஆனா அங்க தொழுநோயாளிகளோட கைகளை ஆபரேஷன் பண்ணிச் சரிசெஞ்ச டாக்டர் பால் பிராண்ட் சின்ன வயசுல வளர்ந்தது எங்க நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில.

அவரோட அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் ரெண்டு பேரும் இங்கிலாந்துலேர்ந்து ஊழியத்துக்கு வந்தவங்க. 1929ல ஜெஸ்ஸி மலையிலயே காய்ச்சல்ல இறந்துட்டார். பின்னாடி, எழுபதை நெருங்குற வயசுல ஈவ்லினுக்கு மிஷன் ஓய்வு கொடுத்துச்சு. அந்தம்மா ஊர் திரும்பல. சொந்தப் பொறுப்புல மறுபடி மலையேறிட்டாங்க. 1974ல, 95 வயசுல இறந்து, கணவர் பக்கத்துலயே அடக்கமானாங்க.

வேலை கொடுத்தது மிஷன். அழைச்சது கடவுள்ங்கறது அவங்க நம்பிக்கை. கொடுக்காத ஒண்ணை மிஷன் எப்படித் திரும்ப வாங்க முடியும்? ப்ராஜெக்ட் முடிஞ்சா பெட்டியைக் கட்டுற நம்ம பொழப்புல, இது கொஞ்சம் யோசிக்க வைக்குதுங்க.